உறைவிடப் பள்ளியில் பிள்ளைகள் நிதி திரட்டும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் ஓர் உறைவிடப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராகவும் விடுதிப் பொறுப்பாளராகவும் இருந்தவன் நான். யாரும் ஏற்க விரும்பாத வேலைகள் விடுதிக்காரர் தலையில்தான் விழும். மாணவர்களின் நன்கொடை வசூலும் அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது. பெற்றோர் தொலைபேசியில் கேட்டவை, பிள்ளைகள் இரவுப் படிப்பு நேரத்தில் என் அறை வாசலில் நின்று கேட்டவை, சக ஆசிரியர்கள் சலிப்போடு கேட்டவை எல்லாவற்றையும் கீழே சேர்த்திருக்கிறேன். மாநிலத்துக்கு மாநிலம் மாறும் சட்டங்களில் தமிழ்நாட்டை மனத்தில் வைத்துப் பேசுகிறேன்.

விடுதிப் பிள்ளையின் கையில் பணமே இருக்காதே. அவன் எதை நன்கொடையாகக் கொடுப்பான்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. வசூலை அறிவிக்கும் அவசரத்தில் பள்ளிகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. பெரும்பாலான விடுதிகளில் கைச்செலவுப் பணம் பிள்ளையிடம் இருக்காது. பருவத் தொடக்கத்தில் பெற்றோர் கட்டும் தொகை ஒரு பேரேட்டில் அவன் பெயருக்கு நேரே இருக்கும். பள்ளிக்குள் இருக்கும் தின்பண்டக் கடையான டக் ஷாப் திறக்கும் நாளில் அதிலிருந்து ஒரு சீட்டு கிடைக்கும். சோப்பு, பற்பசை, முடி வெட்டும் கூலி எல்லாம் அதிலேயே கழியும். நன்கொடை என்று அந்தப் பேரேட்டில் நூறு ரூபாயைக் கழித்தால் பையனுக்கு ஒன்றுமே ஆவதில்லை. பெற்றோருக்குப் போகும் கட்டணப் பட்டியலில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் "நீ எவ்வளவு கொடுத்தாய்?" என்று ஒருமுறை கேட்டேன். "தெரியாது சார், பில்லில் வரும்" என்றான்.

அவனுக்கே சொந்தமானவை வேறு. ஞாயிறு மதியத் தூக்கம், கால்களின் வலு, தட்டில் விழும் இனிப்பு, கைவேலை. இவற்றிலிருந்து வரும் பணம்தான் மாணவர் திரட்டிய பணம். மற்றது பெற்றோரின் நன்கொடை. அதுவும் நல்ல காரியமே, ஆனால் அதற்காகப் பிள்ளையை மேடையேற்றிக் கைதட்ட வேண்டியதில்லை. இனி நான் சொல்லப்போகும் பதில்களில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கை ஒட்டியவைதான்.

"ஒவ்வொரு மாணவரும் குறைந்தது 500 ரூபாய்" என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. கொடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. குறைந்தபட்சத் தொகை போட்டுவிட்டால் அது கட்டணம். நன்கொடை என்ற சொல்லை அங்கே பயன்படுத்தக் கூடாது. வகுப்பாசிரியருக்கு இரண்டு வரி எழுதுங்கள். பிள்ளையின் வாயால் சொல்லி அனுப்பாதீர்கள்.

வெளியில் பணக்காரப் பள்ளி என்று பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் பணக்காரர்கள் அல்லர். உதவித்தொகையில் வந்தவர்கள் இருப்பார்கள், ஆசிரியர்களின் பிள்ளைகள் இருப்பார்கள், கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பங்களும் இருக்கும். ஓர் ஆண்டு, அதிகம் திரட்டும் வகுப்புக்குக் கோப்பை என்று அறிவித்தார்கள். யோசனை வேறு யாருடையதும் அல்ல, என்னுடையதுதான். வசூல் எகிறியது. கடைசி வாரத்தில், மாலை எண்ணும் நேரத்துக்கு ஒரு பையன் மட்டும் தினமும் காணாமல் போனான். தேடிப்போனால் நூலகத்தில், பழைய நாளிதழ்கள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். உதவித்தொகையில் படித்தவன். தந்தைக்குக் கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எழுத்தர் வேலை. அவன் வகுப்பு இரண்டாம் இடத்தில் இருந்தது. முதல் இடத்துக்கு எவ்வளவு குறைகிறது, யார் இன்னும் கொடுக்கவில்லை என்பதெல்லாம் வகுப்பில் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

கோப்பை அந்த ஆண்டோடு நின்றது. பிறகு யார் எவ்வளவு என்ற பட்டியலையே நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. பெயர் எழுதாத மூடிய உறை மட்டும்தான். வசூல் குறைந்தது. குறையட்டும் என்று விட்டுவிட்டோம்.

இந்த வழக்கமெல்லாம் எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளிகளிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே பெரிய பள்ளிகள் பலவும் நகரத்து ஏழைப் பகுதி ஒன்றைப் பொறுப்பேற்று 'மிஷன்' நடத்தின. ஈட்டன் பள்ளி 1880இல் கிழக்கு லண்டனின் ஹாக்னி விக்கில் தொடங்கியது அவற்றில் ஒன்று. பள்ளியிலிருந்து பணம் போகும், அங்கே தேவாலயமும் இளைஞர் மன்றமும் நடக்கும்.

நம் மலையில் கதை தலைகீழாக நடந்திருக்கிறது. இன்று வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் லவ்டேல் லாரன்ஸ் பள்ளி, 1858இல் தொடங்கியபோது 'லாரன்ஸ் அசைலம்'. ஹென்றி லாரன்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1847இல் இமாசலத்துச் சனாவரில் தொடங்கியதை முன்மாதிரியாகக் கொண்டு, பிரிட்டிஷ் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக, குறிப்பாகப் பெற்றோரை இழந்தவர்களுக்காக, நன்கொடை திரட்டி ஏற்படுத்திய இல்லம் அது. மலைப் பள்ளி மாணவர்களிடம் நான் முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிடுவேன். தருகிறவர் வரிசையில் நிற்கும் பள்ளியே ஒரு காலத்தில் வாங்குகிறவர் வரிசையில் நின்றது என்றால், சிலர் உண்மையாகவே யோசிப்பார்கள். சிலர் கொட்டாவி விடுவார்கள்.

எல்லா வழிகளிலும் உங்களுக்குப் பிடித்தது எது?

மெஸ்ஸில் ஒரு பண்டத்தை விட்டுக்கொடுப்பது. நம் வீடுகளில் பிடியரிசி என்று ஒரு பழக்கம் இருந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள், சேர்ந்ததும் அது ஏதாவது ஒரு பொதுக் காரியத்துக்குப் போகும். மடங்களும் தேவாலயங்களும் அதை ஊக்குவித்ததுண்டு. அதே கணக்கை விடுதிக்குக் கொண்டுவரலாம்.

ஆனால் சொல்வது போல எளிதல்ல. முதல் முறை நாங்கள் செய்தபோது சேமிப்பு பூஜ்யம். ஞாயிறு இரவுப் புட்டிங்கை மாணவர்கள் பெருமையாக வேண்டாம் என்றார்கள். ஆனால் பாலும் முட்டையும் வியாழக்கிழமையே வந்து இறங்கிவிட்டிருந்தன. புட்டிங் வழக்கம் போலத் தயாரானது, ஆசிரியர்கள் சாப்பிட்டோம். நானும் இரண்டு கிண்ணம். மறுநாள் மெஸ் மேலாளரிடம் போய் "எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டதும் அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அதன்பின் ஒழுங்காகச் செய்தோம். பத்து நாள் முன்னதாகவே மேலாளரிடம் சொல்லிக் கொள்முதலைக் குறைக்க வைப்போம். சாப்பாட்டை முழுதாக நிறுத்த மாட்டோம். வளரும் பிள்ளைகள், குளிர் ஊர், பட்டினி போட்டுத் தர்மம் செய்ய வேண்டியதில்லை. கோழிக்குப் பதில் சாம்பார், அல்லது இனிப்பு இல்லாத ஞாயிறு. ஆறாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களுக்கும் உடல்நலமில்லாதவர்களுக்கும் வழக்கமான சாப்பாடுதான். தலைக்கு 40 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொண்டால் 300 பேருக்கு 12,000 ரூபாய் வரும். அந்தத் தொகையை மேலாளர் கையெழுத்திட்டுத் தருவார். அன்றிரவு மெஸ்ஸில் எழும் முணுமுணுப்பு இருக்கிறதே, அதுதான் அந்தப் பணம் பிள்ளைகளுடையது என்பதற்கு அத்தாட்சி.

மொய் விருந்து வைக்கலாமா?

தாராளமாக. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் மொய் விருந்து ஒரு முழுப் பொருளாதாரம். 2024இல் வயநாட்டு நிலச்சரிவுக்காகத் திண்டுக்கல்லில் ஓர் உணவகம் மொய் விருந்து நடத்தியது செய்தியானது. எங்கள் பதினோராம் வகுப்பு மாணவர்கள் பெற்றோர் தினத்தில் அதைச் செய்து பார்த்தார்கள். பரிமாறியது, இலை எடுத்தது, பாத்திரம் கழுவியது எல்லாம் அவர்களே. சாப்பிட்டவர் விரும்பியதை இலைக்கடியில் வைத்துவிட்டுப் போக வேண்டும், பெயர் கிடையாது. பேராவூரணிக்காரர் ஒருவர் கை கழுவிவிட்டு வந்து, "நோட்டு எங்கே தம்பி? எழுதாமல் என்ன மொய்?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். அவர் சொன்னதும் சரிதான். ஊரில் மொய் என்பது எழுதி வைத்துத் திருப்பிச் செய்வது. திரும்ப வராத மொய் என்று விளக்கிய பிறகு, வைத்ததோடு இன்னொரு நோட்டையும் சேர்த்து வைத்தார்.

ஃபேட், அதாவது பள்ளி விழாச் சந்தை, நடத்துகிறோம். கடை போட்ட பிள்ளைகள் 'லாபம்' என்று சொல்லும் தொகை சரியா?

பெரும்பாலும் தவறு. ஒரு கடைக்கு மாவு, எண்ணெய், வாழைக்காய் என 3,000 ரூபாய்க்கு ஒரு தாய் வாங்கிக் கொடுக்கிறார் என்று வையுங்கள். பஜ்ஜி 3,500 ரூபாய்க்கு விற்கிறது. மேடையில் "எங்கள் கடை திரட்டியது 3,500" என்கிறார்கள். திரட்டியது 500. அந்தத் தாய் 3,000 ரூபாயை நேரே கொடுத்திருந்தால் எண்ணெய்ச் சட்டி மிச்சம். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சுருக்கென்று இருக்கும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு தாளில் இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் வரவு. வீட்டிலிருந்து வந்த பொருளுக்கும் விலை போட்டு எழுத வேண்டும். வணிகவியல் ஆசிரியர் ஓர் ஆண்டு முழுக்கக் கற்பிப்பதை இந்தத் தாள் ஒரு மாலையில் கற்பித்துவிடும்.

பணம் பிள்ளைகள் கையில் புழங்கக் கூடாது. வாசலில் ஒரே இடத்தில் கூப்பன் விற்பனை, கடைகளில் கூப்பன் மட்டும். செலவாகாத கூப்பனை யாரும் திருப்பிக் கேட்பதில்லை என்பது நடத்துகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த இனிய செய்தி.

உணவில் கவனம் தேவை. 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி உணவகத்திலும் விடுதிச் சமையலறையிலும் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக் கூடாது. ஃபேட்டில் விற்பதில் முக்கால்வாசி அந்தப் பட்டியலில்தான் வரும். சுண்டல், வேகவைத்த சோளம், பழம், இஞ்சி டீ என்று எங்கள் கடைகளை மாற்றினோம். மலைக்குளிரில் வேகவைத்த சோளத்துக்கு நின்ற வரிசை எந்த பஜ்ஜிக் கடைக்கும் நின்றதில்லை.

குலுக்கல் சீட்டு?

வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலிருந்து லாட்டரிச் சீட்டு விற்பனைக்குத் தடை இருக்கிறது. பள்ளிக் குலுக்கல் அளவில் சிறியது என்று வாதாடலாம், ஆனால் பள்ளி போய் வாதாட வேண்டிய இடமா அது? எண் சீட்டு வைத்துப் பரிசுக்கு ஆடும் தம்போலாவுக்கும் இதே பதில்தான். பிள்ளைகள் வரைந்த வாழ்த்து அட்டையை விற்கலாம், பழைய புத்தகத்தை விற்கலாம். பரிசு விழும் ஆசையை விற்க வேண்டாம்.

நான் ஒன்பதாம் வகுப்பு மாணவி. நடைப்பயணத்துக்கு ஆதரவாளர் பிடிக்கச் சொல்கிறார்கள். விடுதியில் கைபேசி கிடையாது. யாரிடம் எப்படிக் கேட்பது?

கடிதம் எழுது அம்மா. விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்கள் விடுதியில் மிக அதிகம் திரட்டித் தந்தது கடிதம்தான். ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கேட்பதுதான் முறை. பத்து கிலோமீட்டர் நடந்தால் பத்து மடங்கு, எட்டில் உட்கார்ந்துவிட்டால் எட்டு மடங்கு. அதை உன் கையெழுத்தில் தாத்தாவுக்கும் அத்தைக்கும் எழுது. எதற்காகத் திரட்டுகிறோம், பணம் யாரிடம் போகிறது, நீ எவ்வளவு தூரம் நடப்பாய் என்று மூன்று பத்தி போதும். நடந்து முடித்த பிறகு, உண்மையில் நடந்த தூரத்தைச் சொல்லி இரண்டாவது கடிதம். இந்த இரண்டாவதை எழுதாதவர்களிடம் அடுத்த ஆண்டு யாரும் பணம் கொடுப்பதில்லை.

ஒரு பாட்டி பேத்திக்கு எழுதிய பதிலை அந்தப் பெண் என்னிடம் காட்டினாள். "பணம் அனுப்புகிறேன். ஆனால் நீ நடக்கும்போது சாக்ஸ் இரண்டு போட்டுக்கொள்" என்று இருந்தது.

ஊட்டியைச் சுற்றி நடப்பவர்களுக்கு ஒரு சொல். தொட்டபெட்டா 2,637 மீட்டர். சமவெளியிலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்த பெற்றோர் முதல் நாளே அங்கே ஏறி மூச்சு வாங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஓரிரு நாள் மலைக்காற்றுக்குப் பழகிவிட்டு நடக்கட்டும். காட்டை ஒட்டிய பாதை என்றால் வனத்துறையிடம் அனுமதி வாங்காமல் ஓர் அடிகூட வைக்காதீர்கள். காட்டெருமைக்கு உங்கள் நற்பணி பற்றித் தெரியாது.

கடைத்தெருவில் உண்டியல் குலுக்கலாமா?

பள்ளி வளாகத்துக்கு வெளியே கூடாது என்பதே என் எண்ணம். சீசனில் ஊட்டி நெரிசலில் சீருடைப் பிள்ளைகளை நிறுத்தினால் பணம் கொட்டும், உண்மைதான். ஆனால் சீருடைக்குக் கிடைக்கும் இரக்கம் அது. தவிர, தொலைந்துபோன ஒரு பிள்ளையைத் தேடும் அரை மணி நேரத்துக்கு எந்த வசூலும் ஈடாகாது.

எண்ணி வைத்த பணம் குறைந்துவிட்டால் என்ன செய்வது?

நான் செய்ததைச் செய்யாதீர்கள். ஒருமுறை எண்ணிய பணத்தை ஒரு துணிப்பையில் கட்டி என் அறை இரும்புப் பெட்டியில் வைத்தேன். தனியாக எண்ணினேன், தனியாகப் பூட்டினேன். மறுநாள் 1,800 ரூபாய் குறைந்தது. அன்று காலை அறையைக் கூட்ட வந்தவர் விடுதி ஊழியர் ஒருவர். நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை, ஆனால் இரண்டு முறை "நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். இரண்டாவது முறை கேட்டபோதே அவருக்குப் புரிந்துவிட்டது. மூன்றாம் நாள், பிளேசரைச் சலவைக்குப் போடும்போது உள்பையில் ரப்பர் வளையத்தோடு அந்த நோட்டுக்கட்டு இருந்தது. எண்ணும் நடுவில் தொலைபேசி ஒலித்ததும் நானே செருகி வைத்தது. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றார். அதற்குப் பிறகு நான் அறையில் இல்லாதபோது அவர் கூட்ட வரவே இல்லை.

எனவே எண்ணும்போது எப்போதும் மூவர் வேண்டும். இருவர் மாணவர், ஒருவர் ஆசிரியர். அதே மேசையிலேயே தாளில் எழுதி மூவரும் கையெழுத்து. அன்றே பள்ளி அலுவலகத்தில் கட்டி ரசீது. எண்ணிய பணம் இரவில் விடுதியில் இருக்கவே கூடாது. அலுவலகம் மூடியபின் எண்ணாதீர்கள், உண்டியலை முத்திரையோடு அப்படியே பூட்டி வைத்துக் காலையில் திறங்கள். ஆசிரியரின் சொந்த யூபிஐ எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்வது இன்னொரு கெட்ட பழக்கம். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், நேர்மையை அவரால் நிரூபிக்க முடியாத நிலையில் அவரை நிறுத்துகிறீர்கள்.

நான் கொடுத்ததற்கு வரிச்சலுகை கிடைக்குமா?

பள்ளி எல்லாரிடமும் திரட்டி மொத்தமாக ஓர் அமைப்புக்குக் கொடுத்தால், ரசீது பள்ளியின் பெயருக்குத்தான் வரும். உங்களுக்குத் தனியாகக் கிடைக்காது. சலுகை வேண்டுமென்றால் அந்த அமைப்புக்கே நேரடியாக, உங்கள் பான் எண்ணோடு அனுப்புங்கள். வருமான வரியில் 80ஜி என்ற பெயரில் நாம் பழகிய அந்தச் சலுகை, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இல்லை. பிள்ளை விட்டுக்கொடுத்த கோழிக் குழம்புக்கு வரிச்சலுகை கேட்ட தந்தை ஒருவரையும் நான் சந்தித்திருக்கிறேன்.

துபாயில் இருக்கும் மாமா, அமெரிக்காவில் இருக்கும் சித்தி பணம் அனுப்பலாமா?

எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பது முக்கியமல்ல. கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதைப் பாருங்கள். மாமா இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சித்தி அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டார் என்றால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்ற, அல்லது முன் அனுமதி பெற்ற அமைப்பு மட்டுமே அதை வாங்கலாம். அதுவும் 2020 திருத்தத்துக்குப் பிறகு ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கு வழியாக மட்டுமே. அப்படி வாங்கியதை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. மலைப் பள்ளிகளில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் பெற்றோர் நிறைய. அன்போடு அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டிவந்தால் சங்கடம். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெள்ளம், நிலச்சரிவு என்றால் உடனே துணிமணி சேகரிக்கிறோம். சரிதானே?

சரியல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது எங்கள் பள்ளி குளிர்கால விடுமுறையில் இருந்தது. பிப்ரவரியில் திறந்ததும் பிள்ளைகள் பதறிப்போய்ப் பெட்டி பெட்டியாகத் துணி சேர்த்தார்கள். அதற்குள் நாகப்பட்டினத்தில் சாலையோரம் பழைய துணி மலைமலையாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் வந்து சொல்லிவிட்டார்கள். கடற்கரை வெயிலில் வாழும் மீனவக் குடும்பத்துக்கு ஊட்டிப் பிள்ளையின் கம்பளி ஸ்வெட்டர் எதற்கு? சேர்த்த துணியை உள்ளூரிலேயே கொடுத்தோம். பணத்தை மட்டும், அவசரப்படாமல், பள்ளிப் புத்தகம் இழந்த பிள்ளைகளுக்கு என்று ஜூனில் செலவிட்டோம். அந்தப் புத்தகங்கள் உண்மையாகவே தேவைப்பட்டன.

2024 ஜூலை 30இல் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போனபோது பாடம் நினைவிருந்தது. வயநாடு எங்களுக்குப் பக்கத்து மலை, பல பிள்ளைகளுக்குச் சொந்த ஊர்ப்புறம். முதல் வாரத்தில் மாணவர்கள் செய்தது ஒன்றே ஒன்று, திரட்டிய தொகையை முதலமைச்சர் நிவாரண நிதிக்கு வங்கி வழியாக அனுப்பியது. லாரி பிடித்து நேரே போகலாம் என்று துடித்த பதினோராம் வகுப்பை அடக்கி வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மீட்புப் பணி நடக்கும் ஒற்றைச் சாலையில் இன்னொரு லாரி உதவி ஆகாது.

பிறந்தநாளை ஆதரவற்றோர் இல்லத்தில் கேக் வெட்டிக் கொண்டாடலாமா? படம் எடுத்துப் போடலாமா?

படம் கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளமோ படமோ வெளியாவதைத் தடை செய்கிறது. முகத்தை மறைத்தால் போதுமா என்று கேட்பவர்களிடம், பிறகு எதற்கு அந்தப் படம் என்று திருப்பிக் கேட்பேன்.

கேக் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. இல்லத்துப் பிள்ளைகள் வாரத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவரின் பிறந்தநாளுக்கு வரிசையில் நின்று பாட்டுப் பாடுகிறார்கள். அவர்களுடைய பிறந்தநாள் எப்போது என்று வந்தவர்கள் கேட்பதில்லை. போவதென்றால் மாதம் ஒருமுறை, ஓர் ஆண்டு முழுக்க, கிரிக்கெட் மட்டையோடு போங்கள். அந்த இல்லம் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

யாருக்குக் கொடுப்பது என்பதை யார் முடிவு செய்ய வேண்டும்?

மாணவர்கள்தான், ஆனால் வீட்டுப்பாடம் செய்துவிட்டு. அமைப்பின் ஆண்டறிக்கையை வாங்கிப் படிக்க வேண்டும், ஒருவராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பெரிய பெயரும் தூரத்து ஊரும் பிள்ளைகளை எளிதில் இழுத்துவிடும். பக்கத்தில் இருக்கும் அரசுத் தொடக்கப்பள்ளி கண்ணில் படாது. அரசுப் பள்ளிகளுக்கு உதவ விரும்புவோருக்காகவே 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கியது.

அதைவிடப் பக்கத்தில் இருப்பவர்கள் நமக்குச் சோறு போடுகிறவர்கள். ஓர் ஆண்டு எங்கோ தொலைவில் ஒரு மருத்துவமனைக்கு நாங்கள் திரட்டிக்கொண்டிருந்தபோது, மெஸ் ஊழியர் ஒருவர் மகளின் சிகிச்சைக்கு வட்டிக்குப் பணம் தேடிக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. தினமும் முகம் பார்ப்பவருக்குக் கூட்டம் போட்டுக் காசோலை நீட்டாதீர்கள். அவர் மறுநாளும் அதே பிள்ளைகளுக்குச் சப்பாத்தி பரிமாற வேண்டும். நிர்வாகத்தின் வழியாக, ஊழியர் நலநிதிக்கு, பெயரில்லாமல் போகட்டும்.

வெளி அமைப்பு ஒன்று வசூல் அட்டை கொடுத்து, 5,000 திரட்டினால் கைக்கடிகாரம் என்கிறது.

அட்டையைத் திருப்பிக் கொடுங்கள்.

இதெல்லாம் கல்லூரி விண்ணப்பத்துக்கு உதவுமா?

கேட்காத பெற்றோரே இல்லை. ஐசிஎஸ்இ பாடத்திட்டத்தில் சமூகப் பயனுள்ள உற்பத்தி வேலைக்குத் தர மதிப்பீடு உண்டு, ஐபி என்ற பன்னாட்டுப் பாடத்திட்டத்தில் சேவை கட்டாயம். எனவே தாளில் இடம் இருக்கிறது. ஆனால் 'இரண்டு லட்சம் திரட்டினேன்' என்று எழுதுகிற பிள்ளையைவிட, 'மெஸ் கொள்முதலை மாற்றாமல் திரட்டப் பார்த்துத் தோற்றோம், பிறகு இப்படிச் சரி செய்தோம்' என்று எழுதியவளின் கட்டுரைதான் படிக்கத் தகுந்ததாக இருந்தது. நான் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது தொகையைக் குறிப்பிட்டதே இல்லை. சில பெற்றோர் அதற்காக என்னிடம் வருத்தப்பட்டார்கள்.

கணக்கை எங்கே, யாரிடம் காட்டுவது?

மெஸ் வாசல் அறிவிப்புப் பலகையில். பள்ளி ஆண்டு மலரில் வண்ணப் படத்தோடு வருவது யாரும் படிக்காத கணக்கு. சாப்பாட்டு வரிசையில் நிற்கும் பிள்ளைக்குப் படிக்க வேறு ஒன்றும் இருக்காது, எனவே ஒவ்வொரு வரியையும் படிப்பான். வந்தது, செலவானது, யாருக்குப் போனது, ரசீதின் நகல். ஆறு மாதம் கழித்து அந்தப் பணத்தில் என்ன நடந்தது என்று இன்னொரு தாள். கடைசியாக நான் ஒட்டிய கணக்கில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கூட்டல் பிழை கண்டுபிடித்தான். 40 ரூபாய் வித்தியாசம். தட்டோடு என் மேசைக்கு வந்து, "சார், பலகையில் தப்பாக இருக்கிறது" என்றான். சரிபார்த்தேன், தப்புதான். அன்று மாலையே திருத்தி, அவனையும் கையெழுத்துப் போட வைத்து, மறுபடி ஒட்டினோம்.